வலிக்குப் பயிற்சியை எழுதிக் கொடுங்கள்

மேற்கு மாம்பலத்தில் ஆரிய கவுடா ரோடு, லேக் வியூ ரோடு, போஸ்டல் காலனித் தெருக்கள் என்று எந்தப் பக்கம் நடந்தாலும் பிசியோதெரபி கிளினிக் பலகை ஒன்று கண்ணில் படும். இது வயதானவர்கள் நிறைந்த பேட்டை. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடிகளில் கணவனும் மனைவியுமாக இருப்பவர்கள் இங்கே ஏராளம். முழங்கால் வலி, இடுப்பு வலி, கழுத்துப் பிடிப்பு, தலைக்கு மேல் தூக்க முடியாத தோள் என்று ஏதோ ஒன்றுக்காக அவர்கள் அந்தப் படியேறுகிறார்கள். பல இடங்களில் கிடைப்பது பத்து சிட்டிங் கொண்ட ஒரு தொகுப்பு. ஒவ்வொரு நாளும் படுக்கவைத்துச் சூட்டு ஒத்தடம், அப்புறம் ‘கரண்ட்’, அப்புறம் அல்ட்ராசவுண்ட், இடுப்பாக இருந்தால் டிராக்‌ஷன். எல்லாம் முடிந்து நேரமிருந்தால் இரண்டு மூன்று பயிற்சிகள். நேரமிருந்தால் மட்டும் தரப்படும் அந்தக் கடைசிப் பகுதிதான் உண்மையான சிகிச்சை. மற்றவற்றில் சில அதற்குத் துணை, சில துணைகூட இல்லை. நோயாளி செலவழிக்கும் பணமும், காப்பீட்டு நிறுவனம் தரும் பணமும், அரசு ஒதுக்கும் பணமும் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கின்றன. இதை மாற்றாமல் நாள்பட்ட வலியை நம்மால் குறைக்க முடியாது.

முதலில் இடுப்பு வலி. உலகில் அதிகமானோரை முடக்கிப்போடும் உடல் உபாதை இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்தது. நாள்பட்ட இடுப்பு வலியை ஆரம்ப நிலை மருத்துவத்தில் எப்படிக் கையாள வேண்டும் என்று அந்த நிறுவனம் தன் முதல் வழிகாட்டியை 2023 டிசம்பரில் வெளியிட்டது. வலியைப் பற்றி நோயாளிக்கு முறையாக விளக்குவது, திட்டமிட்ட உடற்பயிற்சி, மனத்தின் அச்சத்தைக் குறைக்கும் உளவியல் உதவி, கையால் செய்யும் சில சிகிச்சைகள் ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. வேண்டாம் என்று அது சொல்லும் பட்டியலைத்தான் நாம் கூர்ந்து படிக்க வேண்டும்: டிராக்‌ஷன், சிகிச்சைக்கான அல்ட்ராசவுண்ட், தோல்வழியே மின்துடிப்பு செலுத்தும் டென்ஸ் கருவி, இடுப்பு பெல்ட். நம் தெருமுனைக் கிளினிக்கில் சிட்டிங் நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்பவையும், மருந்துக் கடையில் தொங்கவிட்டு விற்கப்படுபவையும் இவைதாம். இவற்றால் கிடைக்கும் பயன் இருக்கிறதா என்பதே ஐயம் என்ற நிலையில், காசும் நேரமும் போவது மட்டும் நிச்சயம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் உண்டு. நான் படுத்திருக்க யாரோ என்னைச் சரிசெய்வார்கள் என்ற எண்ணம் நோயாளியின் மனத்தில் வேரூன்றிவிடுகிறது.

படுக்கையில் கிடந்தால் சரியாகும் என்ற நம்பிக்கை பொய்த்துப் போய் 30 ஆண்டுகள் ஆகின்றன. திடீர் இடுப்பு வலி வந்த ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரை மூன்று பிரிவாக்கி ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, ஒரு பிரிவுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாம் பிரிவு வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடர வேண்டும். 1995-இல் வெளியான முடிவின்படி சீக்கிரம் தேறியவர்கள் மூன்றாம் பிரிவினர். மிக மெதுவாகத் தேறியவர்கள் படுத்துக் கிடந்தவர்கள். வலி வந்த முதல் சில நாட்களில் தனிப் பயிற்சிகூடத் தேவையில்லை, நடமாட்டத்தை நிறுத்தாமல் இருந்தாலே போதும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. வாரக்கணக்கில் வலி நீடித்து, தசை மெலிந்து, உடம்பு அசையவே அஞ்சும் நிலைக்கு வந்த பிறகுதான் திட்டமிட்ட பயிற்சி தேவைப்படுகிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லித் தர வேண்டியது பிசியோதெரபிஸ்ட்டின் முதல் வேலை. அதற்கு மெஷின் வேண்டியதில்லை. நோயாளியின் எதிரே உட்கார்ந்து பேச இருபது நிமிடம் வேண்டும்.

பயிற்சி ஏன் வேலை செய்கிறது? தசை, தசைநாண், எலும்பு மூன்றும் தம்மீது விழும் சுமைக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்பவை. சுமை கூடினால் வலுக்கின்றன, சுமையே இல்லாவிட்டால் மெலிகின்றன. கை முறிந்து மாவுக்கட்டு போட்டாலும் புத்தூர் கட்டு போட்டாலும், பிரிக்கும் நாளில் மணிக்கட்டு விறைத்து முன்கை சூம்பிப் போயிருப்பது இதனால்தான். எலும்பு ஒட்டிவிட்டது, கை இன்னும் திரும்பவில்லை. முழங்கால் தேய்ந்தவருக்கும் இதே கதை. வலிக்கிறது என்று படியேறுவதை விடுகிறார், கீழே உட்காருவதை விடுகிறார், கோயில் பிரகாரம் சுற்றுவதை விடுகிறார். தொடையின் முன்தசை மெலிகிறது. முட்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய தசையே தளர்ந்ததும், முன்பு நான்கு தெரு நடந்தால் வந்த வலி இப்போது ஒரே தெருவில் வந்துவிடுகிறது. இந்தச் சுழலை உடைக்க அந்தத் தசைக்கு மீண்டும் வேலை கொடுப்பதுதான் வழி. உயரமான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். அது எளிதானதும் நாற்காலியின் உயரத்தைக் குறைக்கலாம், பிறகு எண்ணிக்கையைக் கூட்டலாம், பிறகு ஒரு படி ஏறி இறங்கலாம். எந்த வாரம் எதைக் கூட்டுவது, வலி எந்த அளவு வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், எந்த அளவு வந்தால் ஓரடி பின்வாங்குவது என்று முடிவுசெய்யும் தேர்ச்சிதான் பிசியோதெரபி. அதற்காகத்தான் நம் மாநிலத்தில் பிளஸ் டூவுக்குப் பின் பல ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஸ்விட்ச் போட அவ்வளவு படிக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதிதாக வெளியிலிருந்து வந்த அறிவும் அல்ல. 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கி முடங்கிய கைகளுக்குத் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவையை அங்கே வளர்த்தெடுத்தார். ஒரு வேலை செய்துகொண்டிருந்த தசையை வேறொரு வேலைக்குத் திருப்புவது அந்த அறுவையின் சூட்சுமம். ஆனால் தையல் ஆறியதும் விரல் தானாக நிமிர்ந்துவிடாது. எந்தத் தசையை இழுத்தால் எந்த விரல் அசையும் என்பதை நோயாளி வாரக்கணக்கில் உட்கார்ந்து புதிதாகக் கற்க வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் எவ்வளவு திறமையாகக் கத்தி பிடித்தும் பயனில்லை. அதே வேலூரில் 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை செய்தார், அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார், 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்படக் காரணமானார். சென்னையிலும், மேற்கு மாம்பலத்திலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில், கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பழக்கும் இடம் அது. இவ்வளவு மரபு இருந்தும் பிசியோதெரபி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஒயர் சொருகிய பெட்டிதான் என்பது வருத்தத்துக்குரியது.

பயிற்சியில் நம்பிக்கை வைக்க விடாமல் தடுப்பதில் எம்.ஆர்.ஐ. அறிக்கைக்குப் பெரிய பங்குண்டு. டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஜவ்வு கிழிந்திருக்கிறது, எலும்பு தேய்ந்திருக்கிறது என்று வரிவரியாகப் படித்த ஒருவர், உள்ளே ஏதோ உடைந்திருக்கும்போது எப்படிக் குனிவது என்று பயப்படுவது இயல்பு. ஆனால் முதுகில் எந்த வலியுமே இல்லாத 3,110 பேரின் படங்களை ஆராய்ந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. வலியில்லாத 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 வயதினரில் தேய்மானம் 96 சதவீதம், பிதுக்கம் 84 சதவீதம். அதாவது படத்தில் தெரிவது பல நேரங்களில் வயதின் அடையாளம், தலை நரைப்பதைப்போல. அதை வைத்து வலிக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைப்பது அவசரம். நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலமே கூர்மையடைந்து, சிறு அசைவைக்கூடப் பேராபத்தாக அறிவிக்கத் தொடங்கிவிடுகிறது. வலியின் அளவும் உள்ளே நேர்ந்த சேதத்தின் அளவும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது என்பது வலி ஆய்வாளர்களிடையே இன்று நிலைபெற்ற கருத்து. கூர்மையடைந்த நரம்புகளை மெல்ல மெல்ல அமைதிப்படுத்தும் வழிகளில் பயமில்லாமல் செய்யும் அசைவு முக்கியமானது.

முழங்காலுக்கு வருவோம். தேய்மானத்தோடு ஜவ்வுக் கிழிசலும் உள்ள 45 வயது கடந்த 351 பேரை அமெரிக்காவில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் துளை வழி அறுவையும் பிசியோதெரபியும், மற்றதற்குப் பிசியோதெரபி மட்டும். 2013-இல் வெளியான முடிவில், ஆறு மாதத்தில் இரு பிரிவினரின் செயல்திறனுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. முட்டியில் போடும் ஸ்டீராய்டு ஊசியோடு பிசியோதெரபியை ஒப்பிட்ட 156 பேர் ஆய்வு 2020-இல் வந்தது. ஓராண்டு முடிவில் வலியும் இயலாமையும் பயிற்சி பெற்றவர்களிடம் தெளிவாகக் குறைவாக இருந்தன. முட்டியில் சிலுவை ஜவ்வு அறுந்த இளம் வயதினர் 121 பேரைப் பற்றிய ஸ்வீடன் ஆய்வும் இந்த வரிசையில் வருகிறது. முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை என்று விடப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை அறுவையே தேவைப்படவில்லை, உடனே அறுவை செய்துகொண்டவர்களைவிட அவர்கள் பின்தங்கவும் இல்லை. கால்பந்தும் கபடியும் ஆடிக் கால் திருகிய நம் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி சொல்லப்பட வேண்டும்.

அப்படியானால் அறுவையே வீணா என்று கேட்கலாம். இல்லை. முழங்கால் மாற்று அறுவையைப் பற்றி டென்மார்க்கில் 100 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வை மறைத்துவிட்டு இந்த வாதத்தை வைப்பது நேர்மையாகாது. மூட்டு மாற்றிப் பயிற்சியும் பெற்றவர்கள், பயிற்சி முதலிய சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு முன்னேறினார்கள். மிகத் தேய்ந்துபோன மூட்டுக்கு மாற்று அறுவை பெரிய வரம். அதை யாரும் தள்ளிப்பேச வேண்டியதில்லை. ஆனால் அதே ஆய்வு இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. அறுவை செய்யப்பட்டவர்களிடம் கடுமையான பக்கவிளைவுகள் அதிகம். அறுவைக்குத் தகுதியானவர்கள் என்று முடிவுசெய்யப்பட்டுப் பயிற்சிப் பிரிவில் வைக்கப்பட்ட 50 பேரில், ஓராண்டுக்குள் அறுவைக்குப் போனவர்கள் 13 பேர்தான். மற்றவர்கள் அந்த ஓராண்டைத் தம் சொந்த மூட்டோடு கடந்தார்கள். அறுவைக்கு முன்னால் மூன்று மாதம் ஒழுங்கான பயிற்சியை எல்லோருக்கும் தந்துபார்க்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

தோளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டை மாட்ட முடியாமல், பின்னல் போட முடியாமல் தோள் இறுகிப்போவது சர்க்கரை நோயாளிகளிடம் மற்றவர்களைவிட அதிகம். 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தோள் இறுக்கம் நம் வீடுகளில் இவ்வளவு சாதாரணமாகிவிட்டதற்கு இது ஒரு காரணம். இங்கே முதல் வலிமிகுந்த கட்டத்தில் முரட்டுத்தனமாக இழுத்துத் திருப்பினால் நிலைமை மோசமாகும். பொறுமையும் மென்மையான நீட்டலும், வேண்டியபோது மருத்துவரின் ஊசியும் சேர்ந்தால் பெரும்பாலோர் மீள்கிறார்கள். அதற்கு மாதங்கள் ஆகும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இனி எதிர்வாதங்கள். வலியோடு எப்படி அசைவது, இருப்பதும் கெட்டுவிடாதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பயிற்சியின்போது கொஞ்சம் வலி கூடுவதும் மறுநாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்புவதும் தீங்கல்ல. மறுநாளும் வலி கூடியே இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், பயிற்சியை விட்டுவிடக் கூடாது. ஆனால் சில அடையாளங்கள் தென்பட்டால் பயிற்சியைப் பற்றியே பேசாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழத்தல், தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், பாதம் தொங்கிப்போதல் ஆகியவை அப்படிப்பட்டவை. காய்ச்சலோடும் எடைக் குறைவோடும் இரவில் எழுப்பும் முதுகுவலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் எலும்பு வலி, வயதானவர் விழுந்தபின் நிற்க முடியாமை ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. சுளுக்கு எடுப்பவரிடமும் வர்மம் பார்ப்பவரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் போவதற்கு முன் இந்த அடையாளங்கள் இல்லை என்பது உறுதியாக வேண்டும். நல்ல பிசியோதெரபிஸ்ட் இவற்றை முதலில் கேட்டுவிட்டுத்தான் மேலே போவார்.

அடுத்த எதிர்வாதம்: கரண்ட் வைத்தால் எனக்குச் சுகமாக இருக்கிறதே. இருக்கலாம். வெந்நீர் ஒத்தடமும் தைலம் தேய்த்து உருவிவிடுவதும்கூடச் சில மணி நேரம் இதமளிக்கும். அந்த இதத்தைப் பயன்படுத்தி உடனே பயிற்சி செய்தால் அதற்கு ஒரு பொருள் உண்டு. இதத்தோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் மறுநாளும் வலியோடுதான் எழுந்திருக்க வேண்டும். கிளினிக் நடத்துபவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மெஷின் வைத்தால்தான் வைத்தியம் நடந்ததாக நோயாளிகள் எண்ணுகிறார்கள், வெறும் பயிற்சிக்கா இவ்வளவு காசு என்று கேட்கிறார்கள், வாடகை கட்ட வேண்டும் என்பார் அவர். உண்மைதான். கட்டண முறையே இதைத் தூண்டுகிறது. ஒரு சிட்டிங்குக்கு இவ்வளவு என்று வாங்கினால், ஒரே நேரத்தில் நான்கு படுக்கையில் நான்கு பேருக்கு மெஷின் மாட்டுவதில்தான் வருமானம். ஒருவரோடு முக்கால் மணி நேரம் நின்று பயிற்சி கற்றுக்கொடுத்து, வீட்டில் செய்யுங்கள், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்புகிறவர் நஷ்டப்படுகிறார். நல்லவர்களைத் தண்டிக்கும் இந்த ஏற்பாட்டைத் தனிப்பட்ட நேர்மையால் மட்டும் சரிசெய்ய முடியாது.

பயிற்சியெல்லாம் நேரமுள்ளவர்களுக்கு, நாளெல்லாம் உடம்பை முறித்து உழைப்பவர்களுக்கு எதற்கு என்றும் கேட்கிறார்கள். நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கும், மாம்பலம் ரயில் நிலையத்தின் அந்தப் பக்கம் ரங்கநாதன் தெருக் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கும் உடல் உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் ஒரே நிலையில் நின்றுகொண்டு, ஒரே பக்கம் குனிந்துகொண்டு, ஓய்வு தன் கையில் இல்லாமல் செய்யும் உழைப்பு வேறு; அளவு பார்த்துக் கூட்டிக்கொண்டு போகும் பயிற்சி வேறு. முன்னது உடம்பைத் தேய்க்கும், பின்னது தேற்றும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழக சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. வலியைக் குறைக்கும் நடவடிக்கை என்று அதையும் சொல்ல வேண்டும். பிசியோதெரபி அறைக்குள் மட்டும் நடப்பதில்லை. இருக்கை தராத முதலாளியின் கடையில் நிற்கும் பெண்ணுக்குத் தொடைப் பயிற்சியை மட்டும் எழுதிக் கொடுப்பது பாதி நியாயம்தான்.

கல்வியாளர்கள் எழுப்பும் எதிர்வாதம்தான் எல்லாவற்றிலும் வலுவானது. பயிற்சியின் பயனும் மிதமானதுதானே? ஆம். நாள்பட்ட இடுப்பு வலியில் பயிற்சியைப் பற்றிய 249 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2021-இல் தொகுத்தது. சிகிச்சை இல்லாதவர்களோடும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடும் ஒப்பிட்டால், நூறு அளவுள்ள வலிக்கோலில் சராசரியாக 15 புள்ளி குறைகிறது. வலி பறந்துவிடாது. முழங்காலுக்கும் பெரிய அற்புதத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் வலி நிவாரணி மாத்திரைகளின் சராசரிப் பயனும் இதைவிடப் பெரிதாக இல்லை. வருடக்கணக்கில் அவற்றை விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் விலை கொடுக்கின்றன. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள மூத்தவர்களுக்கு அந்த விலை இன்னும் அதிகம். பயிற்சியோ அதே சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது, விழுவதைத் தடுக்கிறது, தூக்கத்தைத் தருகிறது. மிதமான பயனுள்ள சிகிச்சைகளில் எது மற்ற நோய்களுக்கும் நல்லது, எது கெட்டது என்று பார்த்தால் தேர்வு கடினமில்லை. எந்தப் பயிற்சி என்பதில்கூட அதிகப் பிடிவாதம் வேண்டாம். நடை, யோகாசனம், எடைதூக்கல் என்று எதைத் தொடர்ந்து செய்வார்களோ அதுவே நல்லது. தொடர்வதுதான் சிக்கல், அதற்குத்தான் துணை தேவை.

இங்கேதான் பொதுப்பணத்தின் பேச்சு வருகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை வழியுண்டு. மூட்டு மாற்று அறுவைக்கும் அதில் இடமுண்டு. 70 வயது கடந்த எல்லோருக்கும் மத்திய அரசு 2024 அக்டோபரில் ஐந்து லட்ச ரூபாய்க் காப்பீட்டை விரித்தது. செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வந்தது. எல்லாம் நல்லவையே. ஆனால் இந்தக் காப்பீடுகளும் தனியார் பாலிசிகளில் பெரும்பாலானவையும் மருத்துவமனையில் படுத்தால் பணம் தருபவை. மூட்டை மாற்றப் பணம் உண்டு, மாற்றாமலே ஓட்டக்கூடிய மூன்று மாதப் பயிற்சிக்குப் பணம் இல்லை. சாலை விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. உயிர்களைக் காக்கும் திட்டம் அது. காப்பாற்றப்பட்டவர் மறுபடி வண்டி ஓட்டவும் சுமை தூக்கவும் ஆகும் மாதங்களுக்கும் அதே அக்கறை வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு சேர்ந்தும் வேலை இழந்தவராக அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

செய்ய முடியாத காரியம் என்று சொல்ல இடமில்லை. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, ரத்த அழுத்த மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையையும் முடங்கிக் கிடப்பவர்களின் வீட்டுக்கே கொண்டுசென்றது. பிசியோதெரபிஸ்ட்டை அரசு சம்பளத்தில் வீதிக்கு அனுப்பிய முக்கியமான முன்னெடுப்பு அது. அடுத்த படி, நடமாடிக்கொண்டே வலியோடு வாழும் மிகப் பெரிய கூட்டத்தைச் சென்றடைவது. இவர்களுக்கு வீட்டுக்கு ஆள் வர வேண்டியதில்லை. கூட்டாகக் கற்கும் ஒரு வகுப்பு போதும். டென்மார்க்கில் 2013 முதல் மூட்டுத் தேய்மானக்காரர்களுக்கு விளக்க வகுப்புகளும் 12 பயிற்சி வகுப்புகளும் கொண்ட ஒரு திட்டம் நடக்கிறது, பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டுள்ளன. பத்துப் பேர், ஒரு பிசியோதெரபிஸ்ட், பத்து நாற்காலி, ஒரு கூடம், ஆறு வாரம். மேற்கு மாம்பலத்தில் கூடங்களுக்கா பஞ்சம்? சபாக்களும் கல்யாண மண்டபங்களும் முகூர்த்தமில்லாத நாட்களில் காலையில் சும்மா இருக்கின்றன. மாநகராட்சிப் பூங்காக்கள் இருக்கின்றன. 1950-களிலிருந்து குறைந்த கட்டணத்தில் வைத்தியம் பார்க்கும் லேக் வியூ ரோடு பப்ளிக் ஹெல்த் சென்டர் போன்ற அறக்கட்டளை மரபும் இந்தப் பகுதிக்கு உண்டு. மாநகராட்சியின் ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரம் சில நாள் இப்படி ஒரு வகுப்பு வைப்பதற்குத் தேவை புதிய கட்டடமோ மெஷினோ அல்ல, பிசியோதெரபிஸ்ட் பணியிடம். காப்பீட்டுத் திட்டங்களில் மூட்டு மாற்றுக்கு ஒப்புதல் கேட்கும்போது இந்த வகுப்பை முடித்த சான்று ஒன்றையும் சேர்க்கச் சொல்லலாம். கடுமையாகத் தேய்ந்தவர்களுக்கும் அவசரமானவர்களுக்கும் விலக்கு தரலாம்.

பிசியோதெரபிஸ்ட்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடலாமா என்ற சர்ச்சை 2025 செப்டம்பரில் பெரிதாக வெடித்தது. கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் எழுதிய கடிதம் மறுநாளே திரும்பப் பெறப்பட்டது. பத்திரிகைகளில் அதற்குக் கிடைத்த இடத்தில் கால்பங்கு, பிசியோதெரபியின் தரத்துக்கும் கட்டண முறைக்கும் கிடைத்திருந்தால் நோயாளிகளுக்குப் பயன்பட்டிருக்கும். துணை மருத்துவத் தொழில்களை முறைப்படுத்தும் தேசியச் சட்டம் 2021-லேயே வந்துவிட்டது. அதன் கீழ் அமையும் மாநில மன்றம் பதிவெண் தருவதோடு நிற்காமல், நோயாளிக்கு எழுத்தில் பயிற்சித் திட்டம் தருவதைக் குறைந்தபட்சத் தரமாக வைக்க வேண்டும்.

வலியோடு கிளினிக் படியேறும் வாசகர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் நாளே கேளுங்கள்: என் வலிக்கு எந்தப் பயிற்சி, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எந்த வாரத்தில் எப்படிக் கூட்டுவது, எத்தனை வாரத்தில் என்ன மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அடுத்து என்ன? அதைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்து முதலில் பத்து சிட்டிங்குக்குப் பணம் கட்டச் சொன்னால், வேறு பிசியோதெரபிஸ்ட்டைத் தேடிப் போங்கள்.